விளையாட்டு அமைச்சகம்: எந்த வடிவில், யார் தலைமையில்?

2016 ஜூலை 5 அன்று விஜய் கோயல் மத்திய விளையாட்டு அமைச்சரானார். ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 5 அன்று, ரியோ ஒலிம்பிக் தொடங்கியது. 2021 ஜூலை 7 அன்று நடந்த அமைச்சரவை மாற்றத்தில் கிரண் ரிஜிஜு சட்டத் துறைக்குப் போனார், அவர் இடத்துக்கு அனுராக் தாக்கூர் வந்தார். ஜூலை 23 அன்று டோக்கியோவில் தொடக்க விழா. 2024 ஜூனில் மன்சுக் மாண்டவியா பொறுப்பேற்றார். பாரீஸ் ஒலிம்பிக் ஜூலை 26 அன்று தொடங்கியது. அடுத்தடுத்து மூன்று ஒலிம்பிக், மூன்றுக்கும் சில வாரங்கள் முன்பு புது அமைச்சர்.

பதக்கக் கணக்குக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. 2024 மாற்றம் பொதுத் தேர்தலை ஒட்டி வந்தது, அதைத் தவிர்த்திருக்கவும் முடியாது. ஆனால் நான்கு ஆண்டு உழைப்புக்கு விடை தெரியப்போகும் நேரத்தில், அந்த உழைப்பில் ஒரு நாள்கூடக் கூட இருந்திராத ஒருவர் தலைமைக்கு வருவது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம். ஒரு மல்யுத்த வீராங்கனை தன் எடைப் பிரிவுக்காக நான்கு ஆண்டுகள் வயிற்றைக் கட்டி வாழ்கிறார். அவருக்கான முடிவுகளை எடுக்கும் இடத்தில் அந்த நான்கு ஆண்டுகளும் ஒரே ஆள் இருப்பதில்லை.

இதை இப்போது பேச ஒரு காரணம் உண்டு. 2030 காமன்வெல்த் போட்டிகள் அகமதாபாத்தில் நடக்கவிருக்கின்றன. 2036 ஒலிம்பிக்கை நடத்தும் விருப்பத்தை இந்தியா 2024 அக்டோபரிலேயே சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டது. 2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. எப்படியும் நிர்வாகம் மாறப்போகிறது என்றால், எந்த வடிவத்துக்கு மாறுவது என்பதை நிதானமாக ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. இருப்பதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அமைச்சகத்தின் அதிகாரத்தைக் கூட்டலாம். பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் வேலையை ஒரு தன்னாட்சி வாரியத்திடம் விட்டுவிடலாம். அமைச்சகமே வேண்டாம் என்றும் சொல்லலாம். நான்கையும் ஏதாவது ஒரு நாடு செய்து பார்த்திருக்கிறது.

இன்றுள்ள ஏற்பாடு

1982-இல் டெல்லி ஆசியப் போட்டிகளை நடத்தும்போதுதான் மத்திய அரசில் விளையாட்டுக்கென ஒரு துறை பிறந்தது. 1984-இல் இந்திய விளையாட்டு ஆணையம், அதாவது எல்லோரும் சாய் என்று சொல்லும் அமைப்பு, உருவானது. 1985 சர்வதேச இளைஞர் ஆண்டு என்பதால் இளைஞர் நலனும் அந்தத் துறையோடு ஒட்டிக்கொண்டது. 2000 மே மாதத்தில் அது தனி அமைச்சகமானது. 2008-இல் ஒரே அமைச்சகத்துக்குள் இளைஞர் நலம், விளையாட்டு என இரண்டு துறைகளாகப் பிரிந்தது. 2025-26 பட்ஜெட்டில் இந்த அமைச்சகத்துக்கு ஒதுக்கியது சுமார் 3,794 கோடி ரூபாய். அதில் அடிமட்ட விளையாட்டை வளர்க்கும் கேலோ இந்தியா திட்டத்துக்கு மட்டும் 1,000 கோடி. அந்த ஆண்டின் மொத்த மத்திய பட்ஜெட் 50 லட்சம் கோடிக்கும் மேல். ஆக, அரசு செலவழித்த ஒவ்வொரு ஆயிரம் ரூபாயிலும் இந்த அமைச்சகத்துக்குப் போனது 75 காசு. அந்த 75 காசிலும் நாட்டு நலப்பணித் திட்டம் போன்ற இளைஞர் பணிகளுக்குப் பங்கு உண்டு.

இந்த ஏற்பாட்டில் நல்லதும் இருக்கிறது. 2014-இல் தொடங்கிய டாப்ஸ் திட்டம் அதில் முதலாவது. பதக்க வாய்ப்புள்ள வீரர்களைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய பயிற்சியாளர், வெளிநாட்டுப் பயிற்சி, கருவிகள், பிசியோதெரபி எல்லாவற்றுக்கும் நேரடியாகப் பணம் கொடுக்கும் திட்டம் இது. அந்தந்த விளையாட்டை நிர்வகிக்கும் தேசிய சம்மேளனத்தின் கதவைத் தட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை. யாருக்குப் பணம் என்பதை முடிவு செய்யும் குழுவில் முன்னாள் வீரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அமைச்சர்கள் மாறியபோதும் இந்தத் திட்டம் தொடர்ந்தது. கவனித்தால் ஒன்று புரியும்: அமைச்சகத்துக்குள் உருப்படியாக நடக்கும் இந்த வேலை, அமைச்சரின் அன்றாடக் கையெழுத்தைச் சார்ந்திராத மாதிரி அமைத்த ஒரு சின்ன வாரியம்தான். மூன்றாவது தெரிவின் விதை இங்கேயே கிடக்கிறது.

குறை எங்கே? முதல் குறை தலைமையின் ஆயுள். 2014-க்கும் 2024-க்கும் இடையில் சர்வானந்த சோனோவால், விஜய் கோயல், ராஜ்யவர்தன் சிங் ரத்தோர், ரிஜிஜு, தாக்கூர், மாண்டவியா என்று, கூடுதல் பொறுப்பாகச் சில வாரங்கள் பார்த்தவரைத் தவிர்த்தே, ஆறு பேர் வந்தார்கள். முதல் ஐந்து பேரில் ஒருவர்கூட ஒரு முழு ஒலிம்பிக் சுழற்சியைப் பார்க்கவில்லை. இரண்டாவது, முழு நேர அமைச்சர் கிடைப்பது அரிது. ரத்தோர் தகவல் ஒலிபரப்பையும் சேர்த்துப் பார்த்தார். தாக்கூரிடமும் அதே இரட்டைப் பொறுப்பு. மாண்டவியாவிடம் தொழிலாளர் துறையும் இருக்கிறது. தொழிலாளர் சட்டங்கள் ஒரு பக்கம், சம்மேளனத் தகராறுகள் இன்னொரு பக்கம் என்றால் எது முந்தும் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது குறை அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. விளையாட்டு மாநிலப் பட்டியலின் 33-ஆவது இனம். மைதானம், பள்ளி, உடற்கல்வி ஆசிரியர் எல்லாம் பெரும்பாலும் மாநிலங்களின் கையில். இது குறையா, வரமா என்பது யார் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஒடிசா 2018 முதல் இந்திய ஹாக்கி அணிகளுக்கு நிதி ஆதரவு தருகிறது. 41 ஆண்டுகளுக்குப் பிறகு டோக்கியோவில் ஆண்கள் ஹாக்கியில் ஒரு பதக்கம் வந்தது, பாரீஸில் மீண்டும் ஒன்று. டெல்லி அமைச்சகம் எந்த வடிவம் எடுத்தாலும் இப்படி ஒரு மாநிலம் தானாக முன்வரும் வழியை அடைத்துவிடக் கூடாது.

அமைச்சருக்கு முழு அதிகாரம் கொடுத்தால்

சம்மேளனங்களின் லட்சணத்தைப் பார்த்துச் சலித்தவர்கள் அடிக்கடி சொல்வது இது: அமைச்சர் சாட்டையைக் கையில் எடுக்க வேண்டும். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. 2023 ஜனவரியில் நாட்டின் முன்னணி மல்யுத்த வீராங்கனைகள் ஜந்தர் மந்தரில் தரையில் உட்கார்ந்ததைப் பார்த்த யாருக்கும் அந்தக் கோபம் வராமல் இருக்காது. ஆனால் இந்தப் பாதை எங்கே போகும் என்பதை அறிய வெகுதூரம் போக வேண்டாம், இலங்கையைப் பார்த்தால் போதும்.

இலங்கையில் 1973-ஆம் ஆண்டின் 25-ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் அமைச்சருக்குப் பெரும் அதிகாரத்தைக் கொடுக்கிறது. தேசிய அணியின் பட்டியலுக்கே அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். 2023 உலகக் கோப்பையில் வான்கடே மைதானத்தில் இந்தியாவிடம் 55 ரன்னுக்கு ஆட்டமிழந்த அணியைப் பார்த்து நாடே கொதித்தது. நவம்பர் 6 அன்று அமைச்சர் ரொஷான் ரணசிங்க கிரிக்கெட் வாரியத்தைக் கலைத்து, அர்ஜுன ரணதுங்க தலைமையில் இடைக்காலக் குழுவை அமைத்தார். மறுநாளே நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. நவம்பர் 10 அன்று ஐசிசி இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. இலங்கையில் நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டது. மாத முடிவுக்குள் அமைச்சரும் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். ஐசிசியின் இடைநிறுத்தம் 2024 ஜனவரி இறுதியில்தான் நீங்கியது. ரணதுங்கவைவிடப் பெரிய கிரிக்கெட் பெயர் அந்த நாட்டில் கிடைக்காது. மக்களின் கோபமும் நியாயமானது. அப்படியும் இழப்பு வீட்டு மண்ணில் உலகக் கோப்பை ஆடக் காத்திருந்த பையன்களுக்குத்தான் வந்தது.

நமக்கும் இந்த அனுபவம் உண்டு. 2012 டிசம்பரில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்திய ஒலிம்பிக் சங்கத்தைத் தடை செய்தது. 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் நம் வீரர்கள் மூன்று பேர் ஒலிம்பிக் கொடியின் கீழ் நடந்தார்கள். 2022 ஆகஸ்டில் ஃபிஃபா இந்தியக் கால்பந்து சம்மேளனத்தைப் பத்து நாள் போல இடைநிறுத்தியது. அங்கே நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது அமைச்சர்கூட இல்லை, உச்ச நீதிமன்றம் நியமித்த குழு. 2023-இல் உரிய காலத்தில் தேர்தல் நடத்தாததால் மல்யுத்த சம்மேளனத்தை உலக அமைப்பு இடைநிறுத்த, அந்த ஆண்டு பெல்கிரேடில் நடந்த உலகப் போட்டியில் நம் வீரர்கள் நாட்டின் பெயரில்லாமல் ஆடினார்கள். அங்கே அந்திம் பங்கால் வென்ற வெண்கலம் நடுநிலை வீராங்கனையாக நின்று வென்றது. அதே டிசம்பரில் தேர்தல் நடந்து மூன்றே நாளில் புது நிர்வாகத்தை அமைச்சகம் இடைநிறுத்தியது. அந்த உத்தரவு 2025 மார்ச் வரை நீடித்தது. சாட்டை எடுக்கலாம்தான். அது முதலில் விழுவது வீரர்களின் முதுகில்.

இன்னும் மோசமான முடிவும் உண்டு. ரஷ்யாவில் ஊக்கமருந்தை மறைக்கும் வேலையை விளையாட்டு அமைச்சகமே வழிநடத்தியது என்று 2016-இல் வெளியான மெக்லாரன் அறிக்கை சொன்னது. பரிசோதனைக் கூடம், பயிற்சி, பதக்க இலக்கு எல்லாம் ஒரே அதிகாரச் சங்கிலியில் இருந்தால் தவறைத் தடுக்க வெளியே யாரும் மிஞ்ச மாட்டார்கள். நம் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டத்தை 2025-இல் திருத்தி, மேல்முறையீட்டுக் குழுவை அரசு சார்ந்த வாரியத்தின் பிடியிலிருந்து விடுவிக்க வேண்டிவந்ததும் இந்தக் கவலையால்தான்.

பணத்தை வாரியத்திடம் கொடுத்தால்

இதற்குப் பெரிய உதாரணம் பிரிட்டன். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அந்த நாட்டுக்குக் கிடைத்தது ஒரே ஒரு தங்கம், துடுப்புப் படகில். பட்டியலில் 36-ஆவது இடம். மறு ஆண்டே யூகே ஸ்போர்ட் என்ற அமைப்பு வந்தது. தேசிய லாட்டரி வருவாயும் அரசின் பணமும் அதன் வழியே வீரர்களுக்குப் போகத் தொடங்கின. அரசு இலக்கையும் மொத்தத் தொகையையும் சொல்லும். எந்த விளையாட்டுக்கு எவ்வளவு என்பதை வாரியம் முடிவு செய்யும். சிட்னியில் 11 தங்கம், பெய்ஜிங்கில் 19, லண்டனில் 29, ரியோவில் 27 தங்கத்தோடு உலகில் இரண்டாம் இடம். அந்த இருபது ஆண்டுகளில் டோனி பேங்க்ஸ் தொடங்கி டிரேசி கிரவுச் வரை விளையாட்டு அமைச்சர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், ஆட்சியே கட்சி மாறியது. அமைப்பு அசையவில்லை. நான் முதலில் சொன்ன மூன்று தேதிகளுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. அமைச்சர் மாறுவதைத் தடுக்க முடியாது. மாறினாலும் ஒன்றும் ஆகாதபடி செய்ய முடியும்.

ஆனால் பிரிட்டன் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும். பதக்கம் வராத விளையாட்டுக்குப் பணம் இல்லை என்ற கண்டிப்பான விதியில் கூடைப்பந்து நிதியை இழந்தது. இறகுப்பந்து ரியோவில் வெண்கலம் வென்ற பிறகும் இழந்தது. 2022-இல் வெளியான ஒயிட் அறிக்கை, ஜிம்னாஸ்டிக்ஸில் குழந்தைகள் அனுபவித்த கொடுமைகளை வெளிக்கொண்டுவந்தது. குழந்தையின் நலனைவிட வெற்றி மேலே வைக்கப்பட்டிருந்தது என்பது அதன் சாரம். பதக்கம் ஒன்றே அளவுகோலானால் வாரியமும் அமைச்சரைப் போலவே கண்ணை மூடிக்கொள்ளும். இதே விதி இங்கே இருந்திருந்தால் 2016-க்கு முன் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸுக்கு ஒரு ரூபாய்கூடப் போயிருக்காது, ரியோவில் தீபா கர்மாகர் வால்ட்டில் நான்காவதாக வந்ததை நாம் பார்த்திருக்கவும் மாட்டோம்.

ஆஸ்திரேலியாவின் கதை எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. 1976 மாண்ட்ரியலில் ஒரு தங்கம்கூடக் கிடைக்காத அதிர்ச்சியில் 1981-இல் கான்பெராவில் தேசிய விளையாட்டுக் கழகத்தைத் தொடங்கிய நாடு அது. அங்கே அமைச்சகத்துக்கு வெளியே நிற்கும் விளையாட்டு அமைப்பு நெடுநாளாகவே உண்டு. அப்படியிருந்தும், 2019 தேர்தலுக்கு முன் உள்ளூர் மைதானங்களுக்காக 10 கோடி ஆஸ்திரேலிய டாலர் மானியம் கொடுத்தபோது, அமைப்பு தகுதி பார்த்து மதிப்பெண் போட்டது, கடைசி ஒப்புதல் மட்டும் அமைச்சரிடம் இருந்தது. இழுபறித் தொகுதிகளைக் குறிவைத்து அமைச்சர் அலுவலகம் தனியாக ஒரு பட்டியல் போட்டு முடிவெடுத்ததை 2020 ஜனவரியில் தணிக்கை அறிக்கை சொன்னது. அமைச்சர் பிரிட்ஜெட் மெக்கென்சி பிப்ரவரியில் பதவி விலகினார். மானியம் பெற்ற ஒரு துப்பாக்கிச் சுடும் சங்கத்தில் தான் உறுப்பினர் என்பதை அறிவிக்காமல் விட்டது அதற்குக் காரணம்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: வாரியம் இருக்கிறதா என்று கேட்டால் போதாது, கடைசிக் கையெழுத்து யாருடையது என்று கேட்க வேண்டும்.

அந்தக் கேள்வியோடு நம் 2025 சட்டத்தைப் படியுங்கள். தேசிய விளையாட்டு வாரியம் வருகிறது, தேசிய விளையாட்டுத் தீர்ப்பாயம் வருகிறது. சம்மேளனங்களின் செயற்குழு 15 பேரைத் தாண்டக் கூடாது, அதில் குறைந்தது நான்கு பெண்கள் வேண்டும், சாதித்த வீரர்கள் இருவராவது வேண்டும். எல்லாமே நல்ல விதிகள். தகராறுகள் உயர் நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் கிடப்பதைத் தீர்ப்பாயம் குறைத்தால் அதுவே பெரிய உதவி. ஆனால் இந்த வாரியம் சம்மேளனங்களை அங்கீகரிக்கவும் கண்காணிக்கவும் வந்திருக்கிறது. வீரர்களுக்கான பணத்தைப் பிரிக்கும் வேலை இதனிடம் இல்லை. உறுப்பினர்களை ஒரு தேர்வுக் குழுவின் பரிந்துரைப்படி நியமிப்பது மத்திய அரசு. பிரிட்டன் மாதிரியின் ஒரு பாதி வந்திருக்கிறது, அதிலும் சுலபமான பாதி. பணப் பாதி இன்னும் அமைச்சகத்துக்குள்தான்.

அமைச்சகமே இல்லாமல்

இதை நான் சுருக்கமாகவே பேசுகிறேன், ஏனென்றால் நமக்கு இது பொருந்தாது. அமெரிக்காவில் விளையாட்டு அமைச்சகம் கிடையாது. 1978-ஆம் ஆண்டின் அமெச்சூர் விளையாட்டுச் சட்டம் அந்த நாட்டின் ஒலிம்பிக் கமிட்டிக்குப் பொறுப்பைக் கொடுத்தது. அது ஒளிபரப்பு உரிமையிலும் விளம்பரதாரர்களிடமும் பணம் திரட்டிக்கொள்கிறது, மத்திய அரசின் தொடர் நிதி அதற்குப் போவதில்லை. ஆனால் அந்தக் கட்டடத்தைத் தாங்குவது கல்லூரி விளையாட்டு. உதவித்தொகை, பயிற்சியாளர்கள், நீச்சல் குளங்கள் எல்லாம் பல்கலைக்கழகங்களின் பணத்தில். அப்படிப்பட்ட பல்கலைக்கழகங்கள் நம்மிடம் இல்லை. தவிர, ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவர் லாரி நாசர் பல ஆண்டுகள் செய்த பாலியல் கொடுமைகள் வெளிவந்தபோது பொறுப்பேற்க ஓர் அமைச்சர்கூட அங்கே இல்லை. கடைசியில் 2020-இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டு, ஒலிம்பிக் கமிட்டியின் நிர்வாகக் குழுவைக் கலைக்கும் அதிகாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வீரரா, அரசியல்வாதியா?

வடிவத்தைப் பேசினால் இந்தக் கேள்வியும் கூடவே வரும். அமைச்சராக ஒரு முன்னாள் வீரர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்மில் பலருக்கு ஓர் ஆசை. ரத்தோர் அமைச்சரான நாளில் அந்த ஆசை எனக்கும் இருந்தது. ஏதென்ஸில் துப்பாக்கிச் சுடுதலில் வெள்ளி வென்றவர், அந்தப் பதவிக்கு வந்த முதல் ஒலிம்பிக் பதக்க வீரர். வந்த கையோடு உயர்நிலை வீரர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் கைச்செலவுக்கு என்று அறிவித்தார். பயிற்சிக்குப் பணம் கிடைத்தாலும் வீட்டு வாடகைக்கு வீரர் அலைகிறார் என்பது உள்ளே இருந்து பார்த்தவருக்குத்தான் உடனே தோன்றும். இது வீரர் அமைச்சராவதன் உண்மையான பலன். இரண்டு ஆண்டு முடியும் முன்பே அவரும் மாறினார்.

பிரேசிலில் 1995-இல் பெலே அமைச்சரானார். கிளப்புகள் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரையும் கட்டிப்போடும் பழைய முறையை ஒழித்த 1998-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அவர் பெயரே நிலைத்தது. தானே ஆட்டக்காரராக இருந்த ஒருவர் ஆட்டக்காரர்களுக்காகச் செய்த பெரிய வேலை அது. அதே பிரேசிலில் 2019-இல் விளையாட்டு அமைச்சகத்தையே வேறு அமைச்சகத்தில் கரைத்துவிட்டார்கள். 2023-இல் அதை மீட்டு, அட்லாண்டாவில் வெண்கலம் வென்ற கைப்பந்து வீராங்கனை ஆனா மோசரை அமர்த்தினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே கூட்டணிக் கணக்குக்காக அவரை எடுத்துவிட்டு ஓர் அரசியல்வாதியை உட்கார வைத்தார்கள். கட்சிக்குள் தனக்கென்று பலம் இல்லாத வீரரின் நாற்காலி அவ்வளவுதான் தாங்கும்.

வீரர்களை அமைச்சராக்குவதில் பிரான்ஸுக்கு நிகர் இல்லை. தடை ஓட்டத்தில் தங்கம் வென்ற கை திரூ, வாள்வீச்சு வீரர் லாமூர், ஜூடோவின் தூயே, வாள்வீச்சின் லோரா ஃப்ளெசெல், நீச்சலின் ரொக்சானா மரசினியானு என்று பட்டியல் நீளும். இவர்களில் லாமூர் போல ஐந்து ஆண்டு இருந்தவரும் உண்டு, ஓராண்டோடு போனவர்களும் உண்டு. ஆனால் பிரெஞ்சு விளையாட்டின் போக்கையே மாற்றிய பெயரைக் கேட்டால் நான் சொல்வது மரி ஜார்ஜ் புஃபே. அவர் வீராங்கனை இல்லை, கம்யூனிஸ்ட் கட்சியின் முழு நேர அரசியல்வாதி. 1997 முதல் 2002 வரை அமைச்சர். 1998 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் ஊக்கமருந்து விவகாரம் வெடித்த மறு ஆண்டே கடுமையான ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார். பெரிய விளையாட்டுகளின் தொலைக்காட்சி உரிமை வருவாயில் 5 சதவீதத்தை எடுத்துச் சிறிய சங்கங்களுக்கும் அடிமட்ட விளையாட்டுக்கும் திருப்பிவிட்டார். கால்பந்தின் பணபலத்தோடும் நிதித் துறையோடும் மோதி வெல்ல அரசியல் தெரிந்த ஆள்தான் வேண்டியிருந்தது.

அந்த 5 சதவீதத்தை நம் கணக்கில் போட்டுப் பாருங்கள். 2023 முதல் 2027 வரை ஐந்து ஆண்டுகளுக்கான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. அதில் 5 சதவீதம் என்றால் சுமார் 2,420 கோடி, ஆண்டுக்கு 484 கோடி. கேலோ இந்தியாவின் ஓராண்டு ஒதுக்கீட்டில் கிட்டத்தட்டப் பாதி. இதைச் செய்ய ஒரு சட்டமும் அதைக் கொண்டுவரும் தைரியமும் போதும். தைரியம் என்று நான் சொல்வது தனிமனித வீரத்தை இல்லை, அமைச்சரவைக்குள் இருக்கும் எடையை. இணை அமைச்சர் நிலையில் இருப்பவரிடம் அந்த எடை இருக்காது. சோனோவால், கோயல், ரத்தோர், ரிஜிஜு நால்வருமே தனிப் பொறுப்புடன் கூடிய இணை அமைச்சர்களாகத்தான் இந்தத் துறையைப் பார்த்தார்கள் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

வீரர்கள் தலைமைக்கு வந்தாலே நிர்வாகம் சீராகும் என்பதும் நிச்சயம் இல்லை. 2022 டிசம்பரில் பி.டி. உஷா இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவரானபோது பலருக்கும் பெரிய நம்பிக்கை. அதன்பின் தலைமை நிர்வாக அதிகாரி நியமனத்தில் அவருக்கும் செயற்குழுவுக்கும் நீண்ட காலம் இழுபறி. யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. நூறில் ஒரு பங்கு நொடியில் பதக்கத்தைத் தவறவிட்டு, அதன் வலியோடு நாட்டுக்காக ஓடிய ஒருவர் மீது எனக்குள்ள மரியாதை பெரிது. நிர்வாகக் குழுவை ஒன்றாக நடத்துவது வேறொரு திறமை, அதற்கு வேறொரு பயிற்சி வேண்டும்.

என் தேர்வு

எனவே நான் தேர்ந்தெடுப்பது இது. அமைச்சகம் இருக்கட்டும். அதன் தலையில் கேபினட் தகுதியுள்ள, வேறு துறை எதுவும் இல்லாத, நிதி அமைச்சரோடும் முதலமைச்சர்களோடும் சமமாக உட்கார்ந்து பேசக்கூடிய அரசியல்வாதி இருக்கட்டும். சட்டம், பள்ளி விளையாட்டு, மாநிலங்களோடு ஒப்பந்தம், குழந்தைகளின் பாதுகாப்பு ஆகியவை அவர் வேலை. உயர்நிலை வீரர்களுக்கான பணம் முழுவதையும், டாப்ஸ் திட்டத்தையும் சேர்த்து, சட்டத்தால் உருவான தனி வாரியத்துக்கு மாற்ற வேண்டும். அதன் உறுப்பினர்களின் பதவிக்காலம் ஒலிம்பிக்கை ஒட்டி நான்கு ஆண்டு, ஒலிம்பிக் முடிந்த குளிர்காலத்தில்தான் மாற்றம். வீரர்களுக்கு அங்கே பெரும்பான்மை. வாரியத்தின் முடிவுக்கு மேல் அமைச்சருக்குக் கையெழுத்து வேண்டாம். நாடாளுமன்றத்துக்குக் கணக்குக் காட்டினால் போதும், தணிக்கைத் துறை பார்த்துக்கொள்ளும்.

பிரிட்டன் செய்த தவறு இங்கே வராமல் இருக்க, பணப்பையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒன்று பதக்க வாய்ப்பைப் பார்த்துப் போவது. இன்னொன்று, அதைவிடப் பெரியது, எத்தனை குழந்தைகள் எத்தனை மாவட்டங்களில் அந்த விளையாட்டை ஆடுகிறார்கள் என்பதைப் பார்த்துப் போவது. இரண்டாவது பையில் ஐபிஎல் வருவாயின் பங்கு சேர்ந்தால் நல்லது. குழந்தைகள் பாதுகாப்புப் புகார்களை விசாரிக்கும் அமைப்பு இந்த வாரியத்துக்கும் வெளியே இருக்க வேண்டும். பதக்கத்துக்குப் பணம் கொடுப்பவரே புகாரையும் விசாரிக்கக் கூடாது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. வாரியத்தை நியமிப்பதும் அரசுதானே, பிறகு என்ன தன்னாட்சி என்பது. நியாயமான கேள்வி. தேர்வுக் குழுவில் எதிர்க்கட்சித் தலைவரும் வீரர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதியும் இருந்தால் இது பாதி தீரும். மீதிப் பாதியை நடத்தைதான் தீர்க்க வேண்டும். பிரிட்டனிலும் நியமிப்பது அரசுதான், அங்கே தொகை மொத்தமாக ஒலிம்பிக் சுழற்சிக்கு முன்கூட்டியே அறிவிக்கப்படுவதால் இடையில் கை வைப்பது கடினம். நாமும் நான்கு ஆண்டுத் தொகையை முதலிலேயே அறிவித்துவிட்டால், வாரியத்தில் யார் இருந்தாலும் வீரருக்குத் தன் பணம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இந்த மாற்றத்துக்குப் புதுச் சட்டம் வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும். லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் 2028 ஜூலை 14 அன்று தொடங்குகிறது. அதற்குள் நடக்காது என்றால் என் இரண்டாவது தேர்வு, சட்டமே தேவைப்படாத ஒன்று: டாப்ஸ் குழுவின் முடிவே இறுதி என்று ஓர் அமைச்சக உத்தரவு, அந்தக் குழுவின் கூட்டக் குறிப்புகளை இணையத்தில் வெளியிடுவது, 2028 ஜூலை வரை விளையாட்டு அமைச்சரையும் துறைச் செயலரையும் மாற்றுவதில்லை என்று பிரதமர் அலுவலகத்தின் ஒரு வார்த்தை. முதல் இரண்டுக்கும் ஒரு வாரம் போதும். மூன்றாவதுக்கு அதுகூடத் தேவையில்லை.